பிரன்ச் நல்ல சொல்தானா?

வெலிங்டன்
9 மே 1995

மதிப்பிற்குரிய திரு. பீட்டர் அவர்களுக்கு,

வணக்கம். ஆக்லாந்து நூலகத்துக்கு நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை, 'பழைய பத்திரிகைகள் உங்களிடம்தானே இருக்கின்றன' என்று சொல்லி வெலிங்டனில் இருக்கும் எங்கள் அரசாங்க நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தகவல் பிரிவுக்கு இப்படி வருகிற கேள்விகள் என் மேசைக்குத்தான் வரும். 'பிரன்ச்' என்ற சொல் எங்கே பிறந்தது, யார் பெற்றார்கள், அது நல்ல சொல்லா கெட்ட சொல்லா, ஜூன் 18க்குள் எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சொல்லுக்கு நடத்தைச் சான்றிதழ் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

முறைப்படி ஆங்கிலத்தில்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கடைசிப் பத்தியில், 'இந்தச் சாப்பாட்டில் நாங்கள் கொடுப்பது புட்டு, சொதி, சம்பல்' என்று விளக்கம் கொடுத்திருந்தீர்கள். அதைப் படித்ததும் ஆங்கிலம் என்னை விட்டு ஓடிவிட்டது. நான் மதுரைக்காரி. திருநெல்வேலியில் என் சித்தி வீட்டில் தேங்காய்ப் பாலில் வைத்த சொதி சாப்பிட்டிருக்கிறேன். உங்களூர்ச் சொதி வேறு மாதிரி என்று கேள்வி. இந்த ஊரில் மத்தியானம் நான் சாப்பிடுவது ரொட்டிக்கு நடுவே வைத்த வெள்ளரிக்காய்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரேக்ஃபாஸ்ட்டின் தலையை வெட்டி லன்ச்சின் வாலில் ஒட்டவைத்தால் பிரன்ச். பெரிய அகராதி 1896ஆம் வருடத்து நகைச்சுவைப் பத்திரிகை ஒன்றைக் காட்டுகிறது. அதற்கு முந்தைய வருடமே யாரோ எழுதிவிட்டார் என்று அதிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த 'யாரோ'வைத் தேடிப் பிடிக்க எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

ஒன்று கேட்கலாமா? ஒரு சொல் நல்லதா கெட்டதா என்று உங்களுக்கு ஏன் தெரியவேண்டும்?

இப்படிக்கு,
சகோதரி மரகதம்


ஒனிஹங்கா, ஒக்லண்ட்
15 மே 1995

அன்பார்ந்த சகோதரி மரகதத்துக்கு,

தமிழில் கடிதம் வருமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உறையைப் பார்த்து, நூலகப் புத்தகம் எதையோ திருப்பிக் கொடுக்காமல் விட்டேனாக்கும் என்று பயந்துபோனேன்.

கேட்டீர்கள்தானே, சொல்லுகிறேன். நான் மன்னார்க்காரன். பென்ரோஸில் சாமான் அடுக்குகிற மரப்பலகைத் தட்டுகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. ஒனிஹங்காவில் கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். அங்கே மாதத்தில் முதலாம், மூன்றாம் ஞாயிறு தமிழ்ப் பூசை. நல்ல நேரமெல்லாம் மற்றவர்களுக்குப் போய், எங்களுக்குக் கிடைத்தது பத்து மணி. எங்கள் தமிழ்ப் பாதிரியார் சுவாமி பிரசங்கம் முடித்துப் பூசை முடிக்கப் பதினொன்றரை ஆகும். எங்கள் மன்னார்ச் சனத்துக்கு ஒரு பழக்கம், நற்கருணை வாங்குகிற நாளில் முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. சட்டம் இப்போது ஒரு மணித்தியாலம்தான் என்று சுவாமியே சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

போன ஒக்டோபரில் சுதர்ஷிகா என்ற பிள்ளைத்தாய்ச்சிப் பெண், நேர்த்திக்கடன் என்று பட்டினி கிடந்து, பூசை முடிந்து வாசலில் மயங்கி விழுந்தாள். நான் வீட்டுக்கு ஓடிப்போய், அடுப்பில் கிடந்த புட்டையும் சொதியையும் சட்டியோடு தூக்கிவந்தேன். அவள் சாப்பிட்டாள். பக்கத்தில் நின்ற ஒன்பது பேரும் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் மிஞ்சவில்லை. அடுத்த பூசைக்கு இரண்டு சட்டி. இப்போது எழுபது பேர். பூசைக்கு வராத சைவக்காரரும் ரொஸ்கில்லில் இருந்து சாப்பாட்டுக்கு வருகிறார்கள். சுதர்ஷிகாவின் குழந்தைக்கு நாலு மாதம்.

கோயில் மண்டபத்துக்குப் படிவம் நிரப்பவேண்டும். 'என்ன காரியத்துக்கு' என்ற இடத்தில், இது காலைச் சாப்பாடும் இல்லை மத்தியானச் சாப்பாடும் இல்லை என்பதால், வேலையிடத்தில் கேட்ட 'பிரன்ச்' என்ற சொல்லை எழுதினேன். அதில்தான் வந்தது வினை. தமிழ்ப் பூசைக்கு வருகிற எங்கள் ஒன்றியத்தின் செயலாளர் கிளைவ் மாஸ்டர். ஊரில் இங்கிலீஷ் படிப்பித்தவர். கூட்டத்தில் எழும்பி, "சனிக்கிழமை குடிச்சிட்டு ஞாயிறு பிந்தி எழும்புறவன் தின்னுற தீனிக்குத்தான் அந்தப் பெயர். கோயில் மண்டபத்தில அது வேண்டாம். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் போதும்" என்றார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அது நல்ல சொல்தான், எழுத்தில கொண்டுவந்து காட்டுறன். காட்டாட்டி சட்டியைக் கவிட்டு வைக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். ஜூன் 18 கூட்டம்.

சிட்னியில் இருக்கிற என் தம்பி ஜூலியன் இரண்டு வருடமாக வா வா என்கிறான். ஊர் விட்டு வந்த எனக்கு இந்த நகரத்தில் இருக்கிற ஒரே பிடிப்பு அந்தச் சாப்பாட்டு மேசை. அது போனால் நான் ஏன் இங்கே இருக்கவேண்டும்?

கூட்டத்துக்கு முதலே, கெதியாகக் கண்டுபிடியுங்கோ.

அன்புச் சகோதரன்,
பீற்றர்


வெலிங்டன்
19 மே 1995

அன்புள்ள பீற்றர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை வேலைக்காக. மற்ற இரண்டும் பசிக்காக.

அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பக்கம் சாயக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன், நான் உங்கள் கட்சி. நாலு நாளாக அடித்தளத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குள்தான் இருக்கிறேன். தலையெல்லாம் தூசு. "உனக்கு என்ன ஆச்சு, பாடிக்கொண்டே வேலை பார்க்கிறாய்?" என்று என் மேலதிகாரி கேட்டார். நான் பாடியது எனக்கே தெரியவில்லை.

1896 பத்திரிகையைக் கண்டுபிடித்துவிட்டேன். நல்ல வேடிக்கை. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் வழக்கப்படி, காலைச் சாப்பாட்டுக்கு நெருக்கமாகச் சாப்பிட்டால் அது பிரன்ச்சாம். மத்தியானத்துக்கு நெருக்கமாகப் போய்விட்டால் பிளன்ச்சாம்! ஆகவே, நீங்கள் சரியாக எத்தனை மணிக்குப் பரிமாறுகிறீர்கள் என்று தெரிவிக்கவும். இது நூலகத்தின் அதிகாரபூர்வமான கேள்வி.

முதன்முதலில் எழுதியவர் 1895இல் இங்கிலாந்தில் வேட்டைக்காரர்களுக்கான ஒரு வாரப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். அந்த இதழ் எங்களிடம் இல்லை. லண்டனில் இருக்கும் நூலகத் தோழிக்கு ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறேன். கவனித்தீர்களா, இந்த வருடம் அந்தச் சொல்லுக்கு நூறு வயது. கிளைவ் மாஸ்டரிடம் சொல்லுங்கள், நூறு வயதுக்காரரைப் பற்றி மரியாதையாகப் பேசவேண்டும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று மதுரையில் மூன்று அண்ணன்களும் மூன்று விதமான காரணம் சொல்வார்கள். இங்கே காற்று ஆளைத் தூக்கும். தமிழ் பேசவேண்டும் என்று தோன்றினால் குளிக்கும்போது பேசிக்கொள்வேன். உங்கள் சம்பலில் தேங்காயோடு வேறு என்ன சேர்ப்பீர்கள்?

மரகதம்


ஒனிஹங்கா
22 மே 1995

அன்புச் சகோதரிக்கு,

நேற்றுச் சரியாக மணி பார்த்தேன். முதல் கோப்பை சாப்பாடு பதினொன்று நாற்பதுக்கு. ஆகவே நாங்கள் பிளன்ச் கட்சி. சுவாமி பிரசங்கத்தில் பத்து நிமிடம் குறைத்தால் பிரன்ச்சுக்குள் வந்துவிடலாம் என்று அவரிடமே சொன்னேன். "அப்ப உம்மட சொதி என்ர பிரசங்கத்தைவிடப் பெரிசோ?" என்று கேட்டார். ஒரு கோப்பை சொதியை அவரிடம் நீட்டினேன். அவர் பதிலை விளங்கிக்கொண்டார்.

குழுத் தலைவர் சிவப்புக் காலுறை போட்டுப் படகுப் போட்டியில் நாடு வென்றதிலிருந்து இங்கே எல்லாருக்கும் சிவப்புக் காலுறைப் பைத்தியம். கிளைவ் மாஸ்டரே கறுப்புக் கோட்டுக்குக் கீழே சிவப்புக் காலுறையோடு பூசைக்கு வந்தார். நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று பார்த்தால், சாப்பாட்டு மேசையைத் தாண்டும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். எப்போதும் அப்படித்தான். எங்கள் புட்டு அவருடைய மூக்குக்குப் பிடிக்காது போல.

சம்பலில் துருவின தேங்காய்ப்பூ, காய்ந்த செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி (உங்களுக்கு எலுமிச்சை). எழுதினால் அவ்வளவுதான். இடிக்கிற கையில்தான் மிச்சம். அதனால் ஒரு போத்தல் அனுப்புகிறேன். எங்கள் பாடகர் குழு நடத்துகிற இமெல்டா அக்கா, "கடிதக்காரிக்கோ?" என்று கேட்டு, போத்தலுக்கு மேலே மூன்று பிளாஸ்டிக் பை சுற்றித் தந்தார். அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

குளிக்கும்போது தமிழ் பேசுவேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்தேன். நான் தொழிற்சாலையில் மரத்தோடு கதைப்பேன்.

லண்டன் என்ன சொல்லுது?

அன்புச் சகோதரன்,
பீற்றர்


வெலிங்டன்
8 ஜூன் 1995

அன்புள்ள பீற்றர்,

மூன்று பை சுற்றியும் சம்பல் ஒழுகித்தான் வந்தது. உங்கள் கடிதத்தின் பாதி சிவப்பு. தபால்காரர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். போத்தல் நான்கு நாளில் காலி. வெறும் சோற்றோடு, தோசையோடு, ரொட்டியோடு, கடைசி நாள் கரண்டியோடு. இதற்கு நான் நன்றி சொல்லத் தொடங்கினால் கடிதம் முடியாது.

இனி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். லண்டனிலிருந்து பிரதி வந்துவிட்டது. இரண்டு பக்கம். இத்துடன் வைத்திருக்கிறேன்.

கிளைவ் மாஸ்டர் சொன்னது சரி.

அந்த மனிதர் எழுதியது ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து கனமான சாப்பாடு எதற்கு, கொஞ்சம் தாமதமாக, லேசாகத் தொடங்குவோமே என்கிறார். அதுவரை நமக்கு வசதி. ஆனால் முதல் பக்கத்திலேயே, சனிக்கிழமை இரவு குடித்துக் கூத்தடித்தவர்களுக்கு ஞாயிறு காலை எழுந்திருக்கும் தொல்லை இருக்காது என்பதையும் ஒரு நன்மையாகச் சொல்லிவிட்டார். மறைமுகமாக அல்ல, பட்டவர்த்தனமாக. இரண்டாவது பக்கம்தான் எனக்குப் பிடித்தது. அந்த நேரத்துச் சாப்பாடு மனிதர்களைப் பேசவைக்கும், வாரக் கவலையைக் கலைக்கும், பக்கத்தில் இருப்பவர்மேல் பிரியம் வரவைக்கும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். உங்கள் மேசையை அவர் பார்த்ததே இல்லை. பார்த்ததுபோல எழுதியிருக்கிறார்.

இரண்டு பக்கத்தையும் படியுங்கள். கோபம் வந்தால் என்மேல் காட்டாதீர்கள். கண்டுபிடித்தது நான். எழுதியது நான் அல்ல.

மரகதம்


ஒனிஹங்கா
10 ஜூன் 1995

சகோதரிக்கு,

உதவி கேட்டேன். கழுத்துக்குக் கயிறு அனுப்பியிருக்கிறீர்கள்.

இந்தத் தாளை நான் கூட்டத்தில் காட்டினால் கிளைவ் மாஸ்டர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார். அதனால் ஒன்று கேட்கிறேன். முதல் பக்கத்தை விடுவோம். நூலகத்தின் தலைப்புத் தாளில், 'இந்தச் சொல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தவர்களின் சாப்பாட்டைக் குறித்துப் பிறந்தது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கோ. அது பொய் இல்லைத்தானே? நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

எழுபது பேரின் சாப்பாடு. ஒரு வரி. அன்புச் சகோதரியாக நினைத்துக் கேட்கிறேன்.

பீற்றர்


வெலிங்டன்
13 ஜூன் 1995

திரு. பீற்றர் அவர்களுக்கு,

எழுதமாட்டேன்.

பாதி உண்மையில் கையெழுத்துப் போடுவதற்கு எனக்குச் சம்பளம் தரவில்லை. தந்தாலும் போடமாட்டேன். நல்ல சொல் என்று வந்தால் காட்டுவீர்கள், இல்லை என்றால் பாதியை மடித்து வைப்பீர்கள். அப்படியானால் எதற்கு ஊரைக் கூட்டி வாக்குக் கொடுத்தீர்கள்? மயங்கி விழுந்த பெண்ணுக்குப் புட்டு எடுத்துக்கொண்டு ஓடியபோது நீங்கள் அகராதி பார்த்தா ஓடினீர்கள்? அந்தச் சாப்பாடு நல்ல சாப்பாடு. அதற்கு இங்கிலாந்துக்காரன் சிபாரிசு எதற்கு?

இரண்டு பக்கத்தையும் வாசியுங்கள். சட்டியைக் கவிழ்க்கச் சொன்னால் கவிழ்த்துவிட்டு சிட்னிக்குப் போங்கள். (அந்த வரியை அடித்துவிட நினைத்தேன். பேனாவால் எழுதியது, இருக்கட்டும். போகவேண்டாம்.)

இன்னொன்று. இனிமேல் 'அன்புச் சகோதரி' என்று எழுதி என்னிடம் வேலை வாங்காதீர்கள். முதல் கடிதத்தில் நான்தான் அப்படிக் கையெழுத்துப் போட்டேன், மரியாதைக்காகப் போட்ட கையெழுத்து அது. எனக்கு மூன்று அண்ணன்கள் இருக்கிறார்கள். நான்காவது தேவையில்லை.

மரகதம்


ஒனிஹங்கா
19 ஜூன் 1995

அன்புள்ள மரகதம்,

இன்று தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும்.

உங்கள் கடிதம் வியாழன் வந்தது. ஒருநாள் முழுக்கக் கோபத்தில் இருந்தேன். பிறகு கோபம் உங்கள்மேல் இல்லை, என்மேல்தான் என்று விளங்கியது. நேற்று வழமைபோல் புட்டும் சொதியும் மண்டபத்துக்குக் கொண்டுபோய், மூடியைத் திறக்காமல் மேசையில் வைத்தேன். கடைசித் தடவையாக இருந்தாலும் இருக்கட்டும் என்று பாரை மீன் குழம்பும் வைத்திருந்தேன். பூசை முடிந்து கூட்டம் தொடங்கியது. மண்டபத்துக்குப் பொறுப்பு என்பதால் பங்குத்தந்தையும் வந்து பின்னால் இருந்தார். ஐரிஷ்காரர், இமெல்டா அக்காதான் அவருக்கு மொழிபெயர்ப்பு.

நான் எழும்பி இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். குடிகாரர் வருகிற இடத்தையும் விடாமல், குரலைக் குறைக்காமல் வாசித்தேன். வாசித்துவிட்டு, "மாஸ்டர் சொன்னது சரி. சொன்ன சொல்லுப்படி நான் சட்டியைக் கவிட்டு வைக்கிறன்" என்றேன். சுதர்ஷிகாவின் குழந்தை அழுதது.

மாஸ்டர் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுத் தானும் ஒருமுறை வாசித்தார். "முழுக்க வாசிச்சீர். அது நேர்மை. இனி வாக்கைக் காப்பாத்தும்" என்றார்.

அப்போதுதான் இமெல்டா அக்கா எழும்பினார். "பொறுங்கோ மாஸ்டர். எனக்கு ஒரு கணக்குப் பாக்கவேணும். நேற்று சனிக்கிழமை ஒரு சொட்டாவது வாயில வைச்ச ஆம்பிளையள் எல்லாரும் கையை உயர்த்துங்கோ. கோயில் வளவு, பொய் சொல்லக்கூடாது."

ஒரு கையும் உயரவில்லை. எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அக்கா அதை இங்கிலீஷில் சொன்னதும், பின்னால் இருந்த பங்குத்தந்தை தன் கையை உயர்த்தினார்! மண்டபம் சிரிப்பில் வெடித்தது. பிறகு முன்வரிசையில் இருந்த செல்வரத்தினம் என்பவர் உயர்த்தினார். பிறகு ஒவ்வொன்றாக முப்பது கை. நானும் உயர்த்தினேன், மன்னிக்கவேண்டும், கூட்டத்தை நினைத்து வந்த கவலைக்கு சனி ஒரு பியர். கிளைவ் மாஸ்டர் காதைச் சொறிகிற மாதிரிப் பாதிக் கை உயர்த்தி, "இருமலுக்கு ஒரு மூடி பிராண்டி" என்றார். "அப்ப அந்த இங்கிலீஷ்காரன் வேற ஆருக்கு எழுதினவன்? எங்களுக்குத்தான்!" என்றார் அக்கா.

சிரிப்பு அடங்கியும் மாஸ்டரின் முகம் மட்டும் தெளியவில்லை. அக்கா அதைக் கண்டுவிட்டார். மெதுவாகக் கேட்டார், "மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்கோ. இத்தனை மாசமா நீங்கள் ஏன் ஒருநாளும் வந்து இருந்து சாப்பிடேல்லை?"

மாஸ்டர் தாளை மடித்தார். திரும்ப விரித்தார்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

மரகதம், இது உங்களுக்கு எப்படி விளங்குமோ தெரியாது. எங்கள் ஊரில் பழைய ஆட்கள், சொல்லாத சாப்பாட்டுக்குப் போய் இருக்கமாட்டார்கள். சொல்வது என்றால் வாசலில் நின்று 'வாங்கோ' என்று கையைக் காட்டுவது இல்லை. வீடு தேடிப் போய், உள்ளே இருந்து, நாளும் நேரமும் சொல்லிக் கூப்பிடவேண்டும். மற்றவர்கள் எல்லாம் சாப்பாட்டு மணத்துக்கு வந்தவர்கள், நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன். அவருடைய மனுசி காலமாகி இரண்டு வருடம். த்ரீ கிங்ஸ் பகுதியில் தனிய இருக்கிறார். பட்டினியோடு பூசைக்கு வந்து, எங்கள் மேசையைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போய், ஒரு மணிக்கு கிறீம் கிறேக்கர் பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறார். எட்டு மாதம்! எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது.

நான் வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. "மாஸ்டர், வாங்கோ" என்று அவரைக் காரில் ஏற்றினேன். த்ரீ கிங்ஸில் அவர் வீட்டு வாசலில் இறக்கினேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே ஒரு நிமிடம் நின்று, சட்டையை இழுத்துவிட்டு, கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். "அட பீற்றர்! என்ன இந்தப் பக்கம், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா? உள்ள வாரும், இரும்" என்றார்.

இருந்தேன். தண்ணீர் கொண்டுவந்து தந்தார், குடித்தேன். "மாஸ்டர், இண்டைக்குப் பூசைக்குப் பிறகு மண்டபத்தில சாப்பாடு. நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, "பாப்பம், நேரம் இருந்தா" என்றார். சொல்லும்போதே கோட்டை மாட்டிவிட்டார்.

நாங்கள் திரும்பிவந்தபோது எழுபது பேரும் மூடியைத் திறக்காமல் காத்திருந்தார்கள். மாஸ்டருக்கு முதல் கோப்பை. மூன்று தரம் வாங்கினார். "சொதிக்கு உப்புக் காணாது" என்றார், ஆனால் கோப்பையைத் துடைத்து வைத்திருந்தார். சாப்பாடு தொடரவேண்டும் என்று அவரே பிரேரித்தார். கூட்டக் குறிப்பில் சொல்லின் பெயர், வருடம், பத்திரிகை எல்லாம் எழுதி, 'சனிக்கிழமை அருந்துவோர் நலனும் கருதப்பட்டது' என்றும் சேர்த்திருக்கிறார். மண்டபப் படிவத்தில் பிரன்ச் பிரன்ச்சாகவே இருக்கிறது.

பின்னேரம் ஜூலியனுக்கு போன் எடுத்து, நான் சிட்னிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பாதித் தாளை நான் மறைத்திருந்தால் மாஸ்டர் அதைக் கண்டுபிடித்திருப்பார். சண்டை பிடித்திருப்போம். அந்த ஒரு வசனத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கவே மாட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஜூலை 2 ஞாயிறு எங்கள் மன்னார் மடுமாதா திருநாள். நூற்றைம்பது பேருக்குச் சமைக்கப்போகிறோம்.

பீற்றர்

கையெழுத்துக்கு முன்னால் என்ன போடுவது என்று பத்து நிமிடம் யோசித்தேன். ஒன்றும் சரிவரவில்லை. வெறுமையாக விட்டிருக்கிறேன்.


வெலிங்டன்
22 ஜூன் 1995

அன்புள்ள பீற்றர்,

உங்கள் கடிதத்தை வாசிப்பறையில் பிரித்தது என் தவறு. மாஸ்டர் கதவைத் திறந்து "அட பீற்றர்!" என்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்பில், எதிரே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெரியவர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம் பிஸ்கட் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. "வீட்டில் எல்லாரும் நலம்தானே?" என்று அவரே வந்து கேட்டார். "எல்லாரும் சாப்பிட்டுவிட்டார்கள்" என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

உங்களை நினைத்து எனக்கு ரொம்பப் பெருமை. குரலைக் குறைக்காமல் வாசித்தீர்களே, அதற்கு.

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியது சரிதான், எழுதிய விதம் சரியில்லை. தபாலில் போட்ட பிறகு பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கமுடியுமா என்று பார்த்தேன். முடியாது. யாரோ பார்த்தார்கள் வேறு.

ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கிறது, சொல்லட்டுமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். சொல்லிவிடுகிறேன். திருநாள் என்று எழுதினீர்கள். ஜூலை 2 என்று எழுதினீர்கள். நூற்றைம்பது பேர் என்று எழுதினீர்கள். இத்தனை பக்கம் எழுதிய மனிதர் ஒரு வரி எழுதவில்லை. உங்கள் ஊர்ப் பாஷையிலேயே சொல்கிறேன்.

எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

மரகதம்


நூலக விசாரணைத் தாள்
28 ஜூன் 1995, புதன், காலை 10.50
கேள்வி:

மரகதம்,

கீழ்த்தளத்தில் நிற்கிறேன். விசாரணை மேசையில் இருக்கிற அம்மா, கேள்வி இருந்தால் இந்தத் தாளில் எழுதித் தாருங்கள், மாடிக்கு அனுப்புகிறேன் என்று சொன்னார். நாலு வரிதான் இடம், சின்னதாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தில் சொல்வது சொல்வது இல்லை. கிளைவ் மாஸ்டரிடம் கேட்டேன். "வெலிங்டன் எண்டாலும் வீடு தேடிப் போய்த்தான் சொல்லவேணும், அதுதான் முறை" என்றார். நேற்றுப் பகல் முழுக்க ரயில். வீட்டு முகவரி தெரியாது, அதனால் வேலைக்கு வந்திருக்கிறேன், குறை நினைக்கவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை, ஒனிஹங்கா, பதினொன்று நாற்பது. நீங்கள் கட்டாயம் வரவேணும். முன்பின் தெரியாத இடம் என்று யோசிக்கவேண்டாம், எல்லாருக்கும் உங்களைத் தெரியும்.

என்னையும் பார்த்துவிட்டு யோசிக்கலாம். நீலக் கோட்டு, கையில் போத்தல்.

பீற்றர்

பதில்:

வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கும் வருகிறேன். முதலில் கீழே வருகிறேன். லிஃப்ட் மெதுவாகத்தான் வரும், அதனால் படியில். எங்கேயும் போய்விடாதீர்கள்.

மரகதம்